முதலில் தீனி, அப்புறம்தான் செல்லம்

தம்பி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். ஆண் ஃபைட்டர் மீன் நுரைக்கூடு கட்டி, விழுகிற முட்டையை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கூட்டில் ஒட்டுகிறது. இரண்டு நாளில் கூட்டிலிருந்து மயிரிழை மாதிரி வால்கள் தொங்கின. அப்புறம் ஒரு வாரம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. நானே கேட்டதற்கு, "ஒண்ணுகூட மிஞ்சலக்கா" என்று ஒற்றை வரி. தண்ணீர் கெட்டுவிட்டதா, அப்பன் மீனே தின்றுவிட்டதா என்று கேட்கிறாய். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் குஞ்சுகள் பட்டினியில்தான் செத்திருக்கின்றன. பொரிந்த முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே அவற்றுக்குச் சாப்பாடு. அது தீர்ந்து, படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும் அன்றைக்கே வாய்க்குள் அடங்குகிற அளவில், அசைகிற இரை வேண்டும். நீ தூவிய பொடித் தீனி அடியில் படிந்து தண்ணீரைக் கெடுத்ததுதான் மிச்சம். அந்த வயதுக் குஞ்சு அசையாத எதையும் பெரும்பாலும் இரையாக நினைப்பதே இல்லை.

அந்த வருத்தம் ஆறுவதற்குள், பியர்டட் டிராகன் பல்லி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை எடுத்து வைத்துக்கொள். டிராகனை வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஒரு முறை முழுசாகப் படி.

அப்பத்தாவின் கறையான் பானை நினைவிருக்கிறதா? கோழி அடைவைத்த நாளிலேயே அந்தப் பழைய பானையைத் தேடி எடுத்துவிடுவாள். கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் எல்லாவற்றையும் அதில் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கொல்லையில் கறையான் ஊரும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவைப்பாள். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெளேரென்று கறையான். குஞ்சுகள் பொரிந்த மறுநாளே அதுதான் அவற்றுக்குக் காலைப் பலகாரம். குஞ்சு பொரிந்த பிறகு பானையைத் தேடியவள் இல்லை அவள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் அத்தனையும் அந்தப் பானைக்குள் இருக்கிறது. வளர்க்கப்போகும் உயிர் வாசற்படி ஏறுமுன், அதன் இரை உன் வீட்டில் குறைந்தது ஒரு தலைமுறை பெருகியிருக்க வேண்டும்.

வில்லிவாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் நான் கற்றதும் இதையேதான். பக்கத்துக் கொளத்தூரில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மீன் தொட்டி இல்லை, பச்சைத் தண்ணீர் நிற்கும் தொட்டிதான். அது பராமரிக்காமல் பாசி பிடித்த தண்ணீர் என்று நினைத்துவிடாதே. அந்தப் பச்சைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

ஃபைட்டர் குஞ்சுக்கு: இன்ஃபுசோரியா

அடுத்த முறை ஜோடி சேர்க்கும் அன்றைக்கே, முட்டை வந்த பிறகு இல்லை, சேர்க்கும் அன்றைக்கே, இதை ஆரம்பித்துவிடு. ஒரு கண்ணாடி பாட்டிலில் உன் மீன் தொட்டியின் பழைய தண்ணீரை ஊற்று. ஒரு துண்டு வாழைப்பழத் தோலோ, வெந்நீரில் போட்டெடுத்த முட்டைக்கோஸ் இலையோ உள்ளே போடு. வாயில் துணி கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வை. முதல் இரண்டு நாள் பால் கலந்தாற்போல் கலங்கி, நாற்றமடிக்கும். அது பாக்டீரியா. பொறுத்திரு. நான்கைந்து நாளில் தண்ணீர் தெளியத் தொடங்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி அலைவது போலத் தெரியும். பாக்டீரியாவைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் அவை. தெளிந்த பகுதியிலிருந்து டிராப்பரில் எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சொட்டு சொட்டாக விடு. நாற்றம் போகாத பாட்டிலை ஊற்றாதே, கொட்டிவிடு. எப்போதும் இரண்டு பாட்டில், இரண்டு நாள் இடைவெளியில்.

இது ஒரு வாரத்துக்குத்தான். அதன்பின் குஞ்சுக்குப் பசி கூடும், இதில் சத்துப் போதாது.

ஆர்ட்டீமியா

உப்பு நீரில் வாழும் சின்ன இறால் இனம் இது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிறது. கடையில் டப்பாவில் வரும் முட்டைகளுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரிதான் பேர்போன இடம். 1930-களிலிருந்தே மீன் குஞ்சுக்கு இதைக் கொடுத்து வருகிறார்கள். காய்ந்த நிலையில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, உப்புத் தண்ணீரில் விழுந்ததும் ஒரே நாளில் விழிக்கிற முட்டை. இதைவிட வசதியான உயிர்த்தீனியை நான் பார்த்ததில்லை. விலைதான் கொஞ்சம் அதிகம். சின்ன டப்பாவாக வாங்கி, ஈரம் புகாமல் இறுக மூடி ஃபிரிட்ஜில் வை. ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் டப்பா முழுக்கப் பாழ்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு. கண் மதிப்பில் போடாதே, முதல் தடவையாவது தராசில் நிறுத்துப் போடு. ஒரு சிட்டிகை சமையல் சோடா. கால் டீஸ்பூன் முட்டை. காற்றுக் குழாயை பாட்டிலின் கழுத்துவரை இறக்கி, முட்டை எங்கும் தேங்காமல் சுழலும்படி பலமாகக் காற்று விடு. பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். 26 முதல் 28 டிகிரி வெப்பம் போதும். 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சில நாள் அதற்கு முன்பேகூட. மார்கழியில் ஒன்றரை நாள் ஆகலாம்.

பொரிந்தபின் செய்யும் வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றை நிறுத்தி, பாட்டிலின் மேற்பாதியைத் துணியால் மூடி, கீழே டார்ச் வெளிச்சம் காட்டு. பத்து நிமிடத்தில் காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அதற்குச் சற்று மேலே திரளும். முதலில் வருகிற கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, அந்த ஆரஞ்சுத் திரளை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியில் வடிகட்டு. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசியபின் மீனுக்குக் கொடு. ஓட்டோடு கொடுத்தால் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும்.

பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அந்தக் குஞ்சின் சத்தெல்லாம் அதன் வயிற்றுக் கருவில் இருக்கிறது. நேரம் போகப் போக அதை அதுவே செலவழித்துவிடும். நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். ஆகவே அள்ளிக் கொட்டாதே. கொஞ்சம் கொடு. மீன் குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உப்பியதும் நிறுத்து. அந்த ஆரஞ்சு வயிற்றைப் பார்த்துவிட்டால் அன்று இரவு உனக்கு நல்ல தூக்கம் வரும், எழுதி வைத்துக்கொள்.

மொய்னா: மாடியில் வைக்கும் அட்சயபாத்திரம்

டாஃப்னியா என்ற பொடி நீருயிரைக் கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது மொய்னாதான். அதுவே நமக்கு ஏற்றது. டாஃப்னியா குளிர்ந்த நீரை விரும்பும், மொய்னா 30 டிகிரியிலும் குதித்து விளையாடும். ஊசிமுனை அளவில் துள்ளித் துள்ளி நீந்தும். புதிதாகப் பிறந்தது கிட்டத்தட்ட ஆர்ட்டீமியா குஞ்சு அளவுதான் இருக்கும். உப்புத் தண்ணீர் வேண்டாம், விலை இல்லை, மீன் தின்னாமல் விட்டாலும் தொட்டியில் உயிரோடு இருக்கும். பிறந்த நான்கைந்து நாளில் தானே குட்டி போட ஆரம்பித்துவிடும். ஆண் துணை இல்லாமலே பெண்கள் பெண்களாகப் பெற்றுத் தள்ளும். அதனால்தான் ஒரு கரண்டி மொய்னா பத்து நாளில் ஒரு தொட்டியாகிறது.

அகலவாய் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் 40 லிட்டர் தண்ணீர் பிடி. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போகவிடு. பாதி நிழல் விழும் இடம் பார். தொடக்கத்துக்கு ஒரு டம்ளர் மொய்னா போதும், மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள். இதற்கு ஏற்ற தீனி பச்சைத் தண்ணீர். பழைய மீன் தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். பச்சை கிடைக்காத நாளில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். 40 லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்று. அடுத்த முறைகளில் அதில் பாதி. தண்ணீர் லேசாகக் கலங்கினால் போதும். மறுநாள் பார். தெளிந்திருந்தால் தீனி செலவாகிவிட்டது, மறுபடி கொடுக்கலாம். தெளியவில்லையென்றால் கொடுக்கவே கூடாது. மொய்னா தொட்டிகள் பட்டினியால் அழிவதைவிட, வளர்ப்பவர் ஆசையாக ஊற்றிய ஈஸ்டால் அழிவதே அதிகம். நான் பார்த்த அத்தனை தோல்வியும் இந்த வகைதான்.

ஒரு வாரம் பத்து நாளில் தொட்டி திரண்டுவிடும். அதன்பின் தினமும் கால்பங்கை வடித்து எடுத்துக்கொள், எடுத்த அளவுத் தண்ணீரை ஊற்று. இரக்கப்பட்டு எடுக்காமல் விட்டால் நெருக்கடியில் மொத்தமும் ஒரே இரவில் சரியும். தொட்டி சொல்லும் மொழி ஒன்றிரண்டு உண்டு. மொய்னா சிவந்து தெரிந்தால் நீரில் பிராணவாயு குறைகிறது என்று பொருள். மூச்சுக்காக அது ரத்தச் சிவப்பை உடம்பில் கூட்டிக்கொள்கிறது. முதுகில் கறுப்பாகப் புள்ளி கண்டால் இடநெருக்கடியோ தீனிக் குறைவோ வந்து, வறட்சியைத் தாங்கும் உறக்க முட்டை போடத் தொடங்கிவிட்டது. உடனே பாதித் தண்ணீரை மாற்று. அந்தக் கறுப்பு முட்டை படிந்த வண்டலைக் காயவைத்து ஒரு காகிதத்தில் மடித்து வை. என்றைக்காவது எல்லாம் போனால், அந்த வண்டலைத் தண்ணீரில் கரைத்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

தொட்டியைக் கொசுவலையால் இறுக்கி மூடு, ஒரு விரல் நுழையும் சந்துகூட வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வலையில்லாத உன் மொய்னா தொட்டி பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும். கொசுப்புழுவே மீனுக்கு நல்ல தீனி, அதையே வளர்க்கலாமே என்று உனக்கு யாராவது யோசனை சொல்வார்கள். சத்தான தீனிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் வடிக்க மறந்தால் போதும். வேண்டவே வேண்டாம், தம்பி. வலை இன்னொரு காரியமும் செய்யும்: தட்டான் முட்டையிடாமல் தடுக்கும். தட்டானின் புழு உன் மொய்னாவையும் தின்னும், தவறி மீன் தொட்டிக்குப் போனால் குஞ்சையும் பிடிக்கும்.

குளத்திலோ ஏரியிலோ வலைவீசி மொய்னா பிடித்து வராதே. ஒட்டுண்ணியும் தட்டான் புழுவும் கூடவே வரும்.

டியூபிஃபெக்ஸ் புழு பற்றிக் கேட்டிருந்தாய். சிவப்பு நூல்கண்டு மாதிரி உருண்டையாக விற்பார்களே, அதுதான். மீன் வெறியோடு தின்னும், மளமளவென்று வளரும். ஆனால் அது திரட்டப்படுவது சாக்கடையும் கழிவும் ஓடும் சேற்றில். வந்த புதிதில் ஒரு கடையில் வாங்கி, ஒருமுறை மட்டும் அலசிவிட்டு என் ஏஞ்சல் மீன்களுக்குப் போட்டேன். பத்தே நாளில் இரண்டு வருடம் வளர்த்த ஆறு மீன்கள் வயிறு வீங்கிச் செத்தன. அன்றோடு விட்டேன். மாடியில் மொய்னா இருக்கும்போது அது எதற்கு?

மைக்ரோவார்ம் என்கிற நுண்புழு வளர்ப்பதும் சுலபம். ஓட்ஸ் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்து ஒரு டப்பாவில் அரை அங்குலம் பரப்பு, சிட்டிகை ஈஸ்ட் தூவு, யாரிடமாவது ஒரு கரண்டி பழைய கலவை வாங்கி நடுவில் வை. மூடியில் ஊசித் துளை. நான்கு நாளில் நூலிழைப் புழுக்கள் டப்பாச் சுவரில் ஏறும். விரலால் வழித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது டப்பாவுக்கு மாற்று. ஆர்ட்டீமியா பொரியாத நாளில் இது கைகொடுக்கும்.

இனி டிராகன் கதை

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி. குட்டியில் பூச்சிதான் அதற்குப் பிரதான உணவு, வளர வளரக் கீரைக்கு மாறும். அதாவது முதல் வருடம் முழுக்க உன் வீட்டில் தினமும் உயிருள்ள பூச்சி வேண்டும். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தீர்ந்துபோனால் எங்கே போவாய்? தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதே. எந்த வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மின்மினிப்பூச்சி ஒன்றே ஒன்றைத் தின்றாலும் பியர்டட் டிராகன் செத்துப்போகும், அவ்வளவு விஷம் அதில் இருக்கிறது. வீட்டுக் கரப்பானும் ஆகாது. அது எந்த மருந்தை மிதித்து வந்ததோ.

எளிதான மீல்வார்மில் தொடங்கு. அது ஒரு கறுப்பு வண்டின் புழு. சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, பறக்காது, வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏறாது. வாடகை வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. மூன்று பிளாஸ்டிக் தட்டுப் பெட்டி வாங்கு. ஒன்றில் வண்டுகள், இன்னொன்றில் முட்டையும் பொடிப் புழுவும், மூன்றாவதில் பெரிய புழு. கூட்டுப்புழுவை மட்டும் பொறுக்கித் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும், ஏனென்றால் வண்டும் புழுவும் அசையாத கூட்டுப்புழுவைக் கடித்துத் தின்றுவிடும். அடியில் இரண்டு அங்குலம் கோதுமைத் தவிடு. அதுவே மெத்தை, அதுவே சோறு. தவிட்டை வாங்கியதும் இரண்டு நாள் ஃபிரீசரில் வை, அல்லது வாணலியில் வெறுமனே வறுத்து ஆறவிடு. இல்லாவிட்டால் தவிட்டோடு வரும் அரிசி வண்டும் பொடிப் பூச்சியும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் வைக்காதே. ஒரு துண்டு கேரட்டோ உருளைக்கிழங்கோ போதும், ஈரத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் துண்டை மாற்று. தவிடு ஈரமானால் பூஞ்சையும், தூசி போல் ஊரும் உண்ணியும் வரும். வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டுகளைச் சலித்து எடுத்துப் புதுத் தவிட்டில் விடு. பழைய தவிட்டில் முட்டை இருக்கும். ஒன்றிரண்டு வாரம் எதுவும் தெரியாது, கொட்டிவிடாதே. திடீரென்று ஒருநாள் தவிடு தானாக அசையும். அதிலிருந்து முழுப் புழுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் ஒழுங்காக நடக்கும். கத்திரி வெயிலில் மாடி அறையில் வைத்தால் வெந்துபோகும், கீழ்த்தளத்தில் காற்றோட்டமான மூலைக்கு மாற்று.

நம் ஊரில் மீல்வார்முக்கு முதல் எதிரி எறும்பு. அம்மா நெய்ப் பாத்திரத்தை எறும்பு அண்டாமல் தண்ணீர்த் தட்டில் வைப்பாள் இல்லையா, அதே வித்தைதான். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டி. எறும்பு சாக்பீஸ், பவுடர் எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது, அதே மருந்து உன் புழுவையும் கொல்லும், புழு வழியாக டிராகனையும்.

மீல்வார்மை மட்டும் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று எண்ணாதே. கொழுப்பு அதிகம், தோல் கடினம். அதைவிட முக்கியம், அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. பல்லி இனத்துக்குத் தேவை இதற்கு நேர்மாறு. தொடர்ந்து இதையே தின்ற குட்டிக்கு எலும்பு ரப்பர் மாதிரி வளையும், தாடை தொங்கும், கால் நடுங்கும். ஆகவே எந்தப் பூச்சியானாலும் கொடுப்பதற்கு முந்தின நாள் அதற்கு விருந்து வை: முருங்கைக்கீரை, கேரட். முருங்கையில் கால்சியம் ஏராளம், நம் வாசலிலேயே கிடைக்கிறது. பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கொடுக்கும் நேரத்தில் பூச்சிகளை ஒரு பையில் போட்டு, ஊர்வனவற்றுக்கென்று விற்கும் கால்சியம் பொடி சிட்டிகை சேர்த்துக் குலுக்கி, மாவு பூசினாற்போல் வந்ததும் போடு. கூண்டில் புற ஊதா விளக்கும் வேண்டும், அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. உன் பூச்சி எதைத் தின்றதோ அதைத்தான் உன் பிராணி தின்கிறது. வெறும் தவிட்டில் கிடந்த புழுவைக் கொடுப்பது, குழந்தைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவது போல.

சுவர்க்கோழி

கடையில் கிரிக்கெட் பூச்சி என்பார்கள். ராத்திரி அடுப்படி மூலையில் கத்துமே, அந்தச் சுவர்க்கோழி இனம்தான். டிராகன் குட்டிக்கு இதுதான் முக்கிய உணவு. வேலை அதிகம், ஆனால் பலனும் அதிகம்.

உயரமான வழுவழுப்புச் சுவர்ப் பெட்டி. மூடியில் பெரிய ஓட்டை வெட்டி இரும்பு வலை ஒட்டு, நைலான் வலையைக் கடித்து அறுத்துவிடும். உள்ளே முட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்து. கோதுமைத் தவிடும் கோழிக் குஞ்சுத் தீவனமும் கலந்து வை, கீரை வை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும், ஆகவே நனைத்த பஞ்சு. அதைத் தினமும் மாற்று. சின்ன டப்பாவில் தேங்காய் நார்த்தூளைப் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் இரண்டு அங்குலம் நிரப்பி உள்ளே வைத்தால், பெண் பூச்சி வாலில் இருக்கும் ஊசியைக் குத்தி அதில் முட்டையிடும். மூன்று நாள் கழித்து டப்பாவை எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றி, ஈரம் காயாமல் 30 டிகிரி சூட்டில் பார்த்துக்கொள். பத்து நாள் அளவில் கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் கொட்டும். அவை வளர்ந்து சிறகு முளைக்க ஆறிலிருந்து எட்டு வாரம்.

இதில் ஐந்து அளவுப் பூச்சி ஒரே வீட்டில் கிடைக்கும், அதுதான் லாபம். டிராகனின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கவே கூடாது என்பது பழைய விதி. குடல் அடைத்துக் குட்டிகள் செத்தபின் உண்டான விதி. மிச்சப் பூச்சியை இரவில் கூண்டில் விடாதே. தூங்கும் டிராகனின் கண்ணோரத்தையும் கால்விரலையும் கடிக்கும்.

செத்த பூச்சியை அன்றன்று பொறுக்கு. சுவர்க்கோழிக்கென்றே ஒரு வைரஸ் இருக்கிறது. 2002-இல் ஐரோப்பாவிலும், 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவிலும் பெரிய பெரிய பூச்சிப் பண்ணைகளே அதில் காலியாயின. அத்தனை பெரிய பண்ணைக்கே அந்த கதியென்றால் உன் ஒற்றைப் பெட்டி எந்த மூலைக்கு? அதனால்தான் எல்லாவற்றிலும் இரண்டு வை என்கிறேன். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதே, ஒரே கரண்டியால் கிளறாதே. ஆண் பூச்சி ராத்திரியெல்லாம் கத்தும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு, மாடி ஸ்டோர் ரூம் கேட்டுப் பார். தவிட்டைச் சலிக்கும்போது மூக்கில் துணி கட்டு. அந்தத் தூசி சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். சின்ன வயதில் உனக்கு வீசிங் இருந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இளைப்பு வந்தால் பெட்டியை எடுத்துவிடு, மருத்துவரைப் பார்.

வேண்டாமென்றால் எதையும் வெளியே விடாதே. மீல்வார்மோ, கடையில் வாங்கிய சுவர்க்கோழியோ நம் மண்ணில் பரவினால் திரும்பப் பிடிக்க முடியாது. ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்துப் பிறகு உரக்குழியில் போடு.

இன்னொன்று, தீனி சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். வாங்கும் பிராணிக்கு ரசீது கேள். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள சைட்டிஸ் பட்டியல் இனமானால் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், 2024-இல் அதற்கென்று விதிகளே வந்துவிட்டன. உன் டிராகன் அதில் வருமா என்று முன்பணத்தின் மிச்சத்தைக் கொடுக்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள். நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் யார் சும்மா கொடுத்தாலும் தொடாதே, அவற்றை வீட்டில் வைப்பதே குற்றம்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைக்காரருக்குப் போன் போட்டு, டிராகனை மூன்று மாதம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். ஒப்பவில்லையென்றால் முன்பணம் போனால் போகட்டும். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் மொய்னா, ஒரு டப்பா மைக்ரோவார்ம், இருநூறு மீல்வார்ம் கொண்டுவருகிறேன். இரண்டு தொட்டியும் மூன்று பெட்டியும் கழுவி, சோப்பு வாடை போகக் காயவைத்து, தயாராக வை. உன் பெட்டியில் பொரிந்த சுவர்க்கோழி சிறகு முளைத்துக் கத்துகிற ராத்திரி எனக்குப் போன் பண்ணு. டிராகனை எடுத்துவர நானும் கூட வருகிறேன்.

அக்கா